அறுபத்தொரு கிலோ

கார் பட்டறையில் ஜோமோள் கேட்ட முதல் இரண்டு கேள்விகளுக்கும் ஆனந்தகுமார் தயங்காமல் பதில் சொல்லிவிட்டார். வண்டி எந்தச் சாலையில் அதிகம் ஓடும் என்று கேட்டாள். எருத்தேம்பதிப் பக்கம் தோட்டத்து வீட்டிலிருந்து இரண்டரை கிலோமீட்டர் வாய்க்கால் கரை மண்பாதை, அதற்கப்புறம் கோயமுத்தூர் வரைக்கும் தார்ச்சாலை என்றார். வண்டியின் உயரத்தை மாற்ற வேண்டுமா என்று கேட்டாள். வேண்டாம், உயரத்தைத் தொட்டால் மோட்டார் வாகனத் துறைக்காரர்கள் வழியில் மறிப்பார்கள் என்பது தனக்கும் தெரியும் என்றார். மூன்றாவது கேள்வி மிகச் சாதாரணமானது. நோட்டில் எழுதிக்கொண்டே, தலையை நிமிர்த்தாமல், மலையாளம் கலந்த தமிழில் கேட்டாள்.

“வண்டியில எப்பவும் எத்தற பேரு இருப்பாங்க சேட்டா?”

“ரண்டு பேருங்க,” என்றார்.

சொன்ன பிறகுதான் அது உண்மையில்லை என்று அவருக்கே உறைத்தது. இரண்டு வருடங்களாக அந்த வண்டியில் பெரும்பாலும் அவர் ஒருவர்தான் போய் வருகிறார். ஆனாலும் திருத்திச் சொல்லவில்லை. அதை மறுபடி இரண்டு பேர் ஆக்குவதற்காகத்தானே கஞ்சிக்கோடு வரைக்கும் வந்திருக்கிறார்.

அவருடைய மனைவி கோமதிக்கு இரண்டு வருடத்துக்கு முன்னால் கோயமுத்தூரில் முதுகுத் தண்டு அறுவை சிகிச்சை நடந்தது. இடுப்புக்கு மேலே ஒரு டிஸ்க் பிதுங்கி நரம்பை அழுத்தியிருந்தது. தொடர்ந்து பிசியோதெரபி வேண்டும் என்றதால் மகள் யோகப்பிரியாவின் வாடகை வீட்டிலேயே தங்கினாள். எட்டு மாதத்துக்கு முன்னால் ஒருமுறை தோட்டத்துக்கு வரக் கிளம்பினாள். பின் இருக்கையில் தலையணை வைத்துச் சாய்ந்துகொண்டு வந்தவளை, வாய்க்காலின் குறுக்கே இருக்கும் சின்னப் பாலத்தில் வண்டி ஏறி இறங்கியபோது ஒரு இடி தூக்கிப் போட்டது. அப்போது அவள் போட்ட சத்தம் ஆனந்தகுமாரின் காதில் இன்னும் இருக்கிறது. மூன்று வாரம் படுத்த படுக்கை. எழுந்த பிறகு போனில் ஒன்றே ஒன்று சொன்னாள்: அந்த வண்டியில, அந்தப் பாதையில, இனி என்னால ஆகாதுங்க.

பாதையை அவரால் மாற்ற முடியாது. அது நீர்ப்பாசனத் துறையின் கரை. புது வண்டிக்கு வழியில்லை. மிச்சம் இருந்தது வண்டிக்கும் சக்கரத்துக்கும் நடுவே இருக்கிற சமாச்சாரம். மூன்று வாரம் சாப்பாட்டு மேசையில் போனைச் சாய்த்து வைத்து, அது எப்படி வேலை செய்கிறது என்று வீடியோவாகப் பார்த்தார். பார்த்ததில் அவருக்குப் புரிந்தது ஒன்றுதான். திருகி மாற்றிக்கொள்ளும்படியான சஸ்பென்ஷன் என்று ஒன்று கடையில் கிடைக்கிறது. அதை வாங்கி, எவ்வளவு மிருதுவாக வைக்க முடியுமோ அவ்வளவு மிருதுவாக வைத்துவிட்டால் போதும்.

“அதுதான் எல்லாரும் செய்யிற தப்பு,” என்றாள் ஜோமோள். அவளுக்கு முப்பது வயதிருக்கும். டிப்ளமோ முடித்துவிட்டுச் சஸ்பென்ஷன் வேலைக்கென்றே தனியாகப் பட்டறை போட்டவள். விளக்கிச் சொல்வதில் அவளுக்கு ஒரு சந்தோஷம் இருந்தது. வண்டியை ஜாக்கியில் தூக்கி, பின் சக்கரத்தைக் கழற்றி, டார்ச் அடித்துக் காட்டினாள்.

எடையைத் தாங்குவது ஸ்பிரிங். பள்ளத்தில் அமுங்கி, வாங்கிக்கொண்டதை அப்படியே திருப்பித் தந்துவிடும். ஸ்பிரிங் மட்டும் இருந்தால் வண்டி ஒரு மேட்டுக்கு ஒன்பது முறை ஆடும். அந்த ஆட்டத்தை விழுங்குவது ஷாக். அதற்குள் எண்ணெய் இருக்கிறது. சக்கரம் மேலும் கீழும் போகும்போது அந்த எண்ணெய் சின்னச் சின்னத் துளைகள் வழியாகக் கஷ்டப்பட்டு நுழைந்து போக வேண்டும். கஷ்டப்படுவதால் அது சூடாகும். ஆட்டம் சூடாக மாறித் தீர்ந்துவிடும். திருகி மாற்றும் ஷாக்கில் உள்ள குமிழ், அந்தத் துளைக்குள் ஓர் ஊசியை நுழைக்கிறது, அவ்வளவுதான். ஊசி உள்ளே போனால் வழி குறுகும், ஷாக் கடினமாகும். வெளியே வந்தால் வழி விரியும், மிருதுவாகும்.

“அப்பொ மிருதுவா வெச்சாப் போதுமுங்களே?”

ஜோமோள் ஷாக்கின் தண்டைச் சுற்றியிருந்த எதையோ விரலால் தொட்டாள். அது பொடிப்பொடியாகக் கையில் உதிர்ந்தது. பம்ப் ரப்பர் என்றாள். சக்கரம் மேலே போகக்கூடிய எல்லை வரைக்கும் போய்விட்டால், இரும்பு இரும்போடு மோதாமல் கடைசியாகத் தாங்குவது இந்த ரப்பர். இது செத்து வருடக்கணக்கில் ஆகிறது. பாலத்தில் கோமதியைத் தூக்கிப் போட்டது கடினமான ஷாக் அல்ல. மிருதுவாகி ஓய்ந்துபோன ஷாக். அது தடுக்காமல் விட்டதால் சக்கரம் எல்லை வரைக்கும் ஓடிப்போய் மோதியிருக்கிறது. இன்னும் மிருதுவாக வைத்தால் இன்னும் வேகமாக மோதும்.

ஆனந்தகுமார் அந்தப் பொடியை வாங்கித் தன் உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். எட்டு மாதமாக அவர் பாதையைத் திட்டிக்கொண்டிருந்தார்.

பிறகு எதைத் தேர்ந்தெடுப்பது என்பது எளிதாகிவிட்டது. வீடியோக்களில் அவர் ஆசைப்பட்ட காயில்ஓவர், அதாவது ஸ்பிரிங்கும் ஷாக்கும் ஒன்றாகச் சேர்ந்து மரை போட்ட உடம்போடு வருவது, வண்டியைத் தரையோடு படுக்க வைத்து ஓட்டுகிற பையன்களுக்கு. அதன் ஸ்பிரிங் கடினம். முதுகுக்கு ஆகாது. ஸ்பிரிங்குக்கு அடியில் கட்டை கொடுத்துத் தூக்குவதைப் பற்றி ஜோமோள் பேசவே மறுத்தாள். பழைய ஸ்பிரிங்கை அப்படியே விட்டுவிட்டு, பதினாறு படி திருகக்கூடிய எண்ணெய் ஷாக் நான்கும், புது பம்ப் ரப்பர் நான்கும் போதும் என்றாள். ஒவ்வொரு படிக்கும் குமிழ் ‘டிக்’ என்று சொல்லும். முழுக்க மூடிவிட்டு அங்கிருந்துதான் எண்ண வேண்டும். ஏனென்றால் மூடிய இடம் ஒன்றுதான் நிச்சயமாக நிற்கிற இடம்.

வேலை முடிய மாலையாகிவிட்டது. கடைசியில் ஜோமோள் வண்டியை ஜாக்கியிலிருந்து இறக்கி, சக்கரங்களில் நிற்க வைத்த பிறகு, ஒரு பெரிய ஸ்பேனரோடு கீழே உள்ள பள்ளத்தில் இறங்கினாள். எல்லாம் மாட்டி முடித்த பின் இன்னும் என்ன என்று கேட்டார். புஷ் போல்ட்டை இனிமேல்தான் முறுக்க வேண்டும் என்றாள். அச்சு வண்டியோடு சேருகிற இடத்தில் ஒரு ரப்பர் புஷ் இருக்கிறது. சக்கரம் ஏறி இறங்கும்போது அந்த ரப்பர் முறுகிக் கொடுத்துத் திரும்பும். போல்ட்டை எந்த நிலையில் முறுக்குகிறோமோ அந்த நிலைதான் அதற்கு ஓய்வு. அந்தரத்தில் தொங்கும்போது முறுக்கினால், வண்டி தரையில் நிற்கும் நேரமெல்லாம் ரப்பர் முறுகியே நிற்கும். அதனால் எப்போதும் உட்காருகிறவர்களின் எடையோடு நிற்க வைத்து முறுக்குவது அவள் வழக்கம். வித்தியாசம் கொஞ்சம்தான். ஆனாலும் அதை விட்டுவிட அவளால் முடியாது.

“சேட்டன் முன்னாடி உட்காருங்க. சேச்சி எங்க உட்காருவாங்க?”

“பின்னாடி. எடது பக்கம்.”

“எடை எத்தற?”

ஆஸ்பத்திரி டிஸ்சார்ஜ் காகிதத்தின் மேல் மூலையில் எழுதியிருந்தது அவருக்கு மனப்பாடம். அறுபத்தொன்று என்றார். ஜோமோளும் உதவிக்கு இருந்த ஜெஸ்னாவும் பழைய பிரேக் டிரம்களைத் தராசில் வைத்து, அறுபத்தொரு கிலோ வந்ததும் தூக்கிக்கொண்டு போய்ப் பின் இருக்கையில் அடுக்கினார்கள். சேச்சி நல்ல இரும்பு மாதிரி ஆளுதான் போல என்று ஜெஸ்னா மலையாளத்தில் சொல்ல, இருவரும் சிரித்தார்கள். ஆனந்தகுமாரும் சிரித்தார். கண்ணாடியில் பார்த்தபோது பின் இருக்கையில் அந்த டிரம்கள் ஒன்றின்மேல் ஒன்றாக உட்கார்ந்திருந்தன. ஓட்டுநர் இருக்கையில் அசையாமல் உட்கார்ந்துகொண்டு, கீழே ஸ்பேனர் இறுகுகிற சத்தத்தைக் கேட்டார்.

நிலக்கடலை மூட்டை அவருடைய சொந்த யோசனை. வீட்டுக்குப் போய் அந்தப் பாதையிலேயே ஓட்டி ஓட்டித்தான் சரியான படியைக் கண்டுபிடிக்க வேண்டும் என்று ஜோமோள் சொல்லியிருந்தாள். கொப்பரை நிறுக்கும் தராசில் சரியாக அறுபத்தொரு கிலோ கடலையை அளந்து, மூட்டை கட்டி, பின் இருக்கையில் உட்கார வைத்தார். முதல் நாள் பாலத்தில் அது சரிந்து விழுந்தது. அடுத்த நாள் பெல்ட் போட்டார். பக்கத்தில் ஒரு சொம்பில் கழுத்து வரைக்கும் தண்ணீர். ஒரு தடவை போய் வந்து, எவ்வளவு சிந்தியிருக்கிறது என்று பார்த்து, இறங்கி, மண்டியிட்டு, பின் சக்கரத்துக்குள் கையை விட்டு ஒரு படி திருகுவார். முன் ஷாக்கின் குமிழுக்குப் பானெட்டைத் திறக்க வேண்டும். எல்லாவற்றையும் நாட்காட்டித் தாளின் பின்பக்கம் குறித்துக்கொண்டார்.

பக்கத்துத் தோட்டத்தில் டிராக்டர் ஓட்டுகிற ஆறுமுகசாமி இரண்டு நாள் இதை வரப்பில் நின்று பார்த்தான். மூன்றாம் நாள் வண்டியை மறித்தான்.

“ஏனுங்க, மூட்டைக்குப் பெல்ட்டுப் போட்டுக் கூட்டிட்டு அங்கயும் இங்கயும் போறீங்களே. கோயலுக்குங்களா?”

“வண்டி பழக்கறனப்பா.”

“கடலைக்குத் தலை சுத்தலு ஏதும் இருக்குங்களா?”

ஆனந்தகுமார் சிரித்துக்கொண்டே வண்டியை எடுத்தார். ஆனால் அவன் கண் மறைந்த பிறகு, பாலம் வருவதற்கு முன்னால், கெட்டியாப் புடிச்சுக்கோ என்று சொன்னார். பழக்கதோஷம். சொன்னது தனக்கே கேட்டதும் கண்ணாடியைப் பார்க்காமல் ஓட்டினார்.

ஒன்பது நாள் பிடித்தது. முன்னால் மூடிய இடத்திலிருந்து ஏழு, பின்னால் ஐந்து. அந்த வைப்பில், இருபது கிலோமீட்டர் வேகத்தில், பாலத்தில் ஒரு சொட்டுக் கூடச் சிந்தவில்லை. அங்கேயே வண்டியை நிறுத்திக் கோமதிக்குப் போன் செய்தார். வண்டியைச் சரி பண்ணிவிட்டதாகவும், சனிக்கிழமை வந்து கூட்டிக்கொள்வதாகவும், வந்து பார்த்துப் பிடித்தால் பிறகு இங்கேயே இருந்துவிடலாம் என்றும் சொன்னார். அவள் நேரத்தைக் கேட்டுக்கொண்டாள். பிறகு, சனிக்கிழமை வர்றனுங்க என்றாள்.

சனிக்கிழமை காலை மகள் வீட்டு வாசலில் அவர் பின் கதவைத் திறந்து, தலையணையைத் தட்டி வைத்துக்கொண்டு நின்றார். எட்டு மாதமாகப் போனோடு சரி; மாடிப்படியில் இறங்கி வந்தவளைச் சட்டென்று அடையாளம் தெரியவில்லை. முகம் சிறுத்து, தோள் நிமிர்ந்திருந்தது. காலில் ஷூ. திறந்திருந்த பின் கதவை ஒரு கையால் சாத்திவிட்டு, முன் கதவைத் திறந்து உட்கார்ந்து, தானே பெல்ட்டை இழுத்து மாட்டினாள்.

ஆனந்தகுமார் கொஞ்ச தூரம் வரைக்கும் கியரைத் தப்புத் தப்பாகப் போட்டார். அவள் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறாள் என்பது ஒன்று. மதுக்கரை தாண்டியதும் இன்னொன்று தெரிய ஆரம்பித்தது. வண்டியின் பின்பக்கம் மேடு பள்ளத்தில் துள்ளியது. மூட்டையோடு ஓட்டிய ஒன்பது நாளும் அப்படித் துள்ளவில்லை; காலையில் தனியாக வந்தபோது துள்ளியதை, அவள் ஏறினால் அடங்கிவிடும் என்று விட்டிருந்தார். பின்னால் எடை இல்லை. வேலந்தாவளம் சோதனைச் சாவடி தாண்டி ஒரு புளியமரத்தடியில் நிறுத்திவிட்டு இறங்கி மண்டியிட்டார்.

கோமதி ஜன்னலில் தலையை நீட்டினாள். “எதுக்குங்க எறங்குனீங்க?”

“உனக்குன்னு வெச்சது. நீ பின்னாடி உக்காருவேன்னு நெனச்சு வெச்சது. சித்த இரு.” பின்னால் இரண்டு பக்கமும் இரண்டு படி திறந்துவிட்டு, பேண்டில் கையைத் துடைத்தார். “எளச்சுட்ட.”

“ஒம்போது கிலோ கொறச்சனுங்க,” என்றாள். குரலில் பெருமை இருந்தது. “நீங்க எத்தனைக்கு வெச்சீங்க?”

“அறுவத்தொண்ணு.”

“அது ஆசுபத்திரியில படுத்துக் கெடந்தப்பங்க.”

வாய்க்கால் கரையில் வண்டி இறங்கியதும் அவர் வேகத்தை இருபதுக்குக் குறைத்தார். கோமதி போனில் யாருக்கோ பதில் எழுதிக்கொண்டிருந்தாள். தென்னைகளின் நிழல் ஒன்றன்பின் ஒன்றாகக் கண்ணாடியில் ஏறி இறங்கியது. பாலம் வந்தது. முன் சக்கரம் ஏறியது, இறங்கியது. பின் சக்கரம் ஏறியது, இறங்கியது. அவர் மூச்சை விட்டார். கொஞ்ச தூரம் போன பிறகு கோமதி தலையை நிமிர்த்தி வெளியே பார்த்தாள்.

“பாலத்தத் தாண்டிட்டமுங்களா?”

“அது போயி எவ்வளவு நேரமாச்சு.”

அந்த ஒரு பதிலைச் சொல்வதற்காகவே இத்தனையும் செய்தது போல இருந்தது அவருக்கு. அன்று முழுக்க அந்தச் சந்தோஷத்திலேயே இருந்தார். எப்படிச் செய்தேன் என்று சொன்னார். எண்ணெய், துளை, ஊசி, படி எல்லாம். கடலை மூட்டையைப் பற்றிச் சொன்னபோது அவள் கண்ணில் தண்ணீர் வர வரச் சிரித்தாள். மத்தியானம் இரண்டு பேரும் சேர்ந்து சமைத்தார்கள். சாயங்காலம் அவர் மோட்டாரை நிறுத்திவிட்டுத் திரும்பி வந்தபோது, கோமதி தொட்டியிலிருந்து ஒரு முழு வாளித் தண்ணீரை, முழங்காலை மடக்கி, முதுகை நேராக வைத்து, ஒரே மூச்சில் தூக்கிக்கொண்டு செம்பருத்திக்கு ஊற்றப் போனாள்.

அவர் அங்கேயே நின்றார். வாளியை வைத்துவிட்டு அவள் திரும்பினாள்.

“வலி எப்பப் போச்சு?” என்று கேட்டார்.

“ஆறு மாசமாச்சுங்க.”

“சொல்லவே இல்லியே.”

“சொன்னா வரச் சொல்லுவீங்க.”

அதற்கு மேல் கோபமாக எதுவும் நடக்கவில்லை. வாசற்படியில் உட்கார்ந்து அவள் நிதானமாகச் சொன்னாள். பிசியோதெரபி செய்துகொண்ட அதே மையத்தில் இப்போது முன் மேசையில் உட்காருகிறாள். வருகிறவர்களுக்கு டோக்கன் கொடுக்க வேண்டும், பேர் எழுத வேண்டும். ஒரு நாளைக்கு நாற்பது பேர், எல்லோரும் அவளோடு பேசுகிறார்கள். இங்கே இருபத்து நான்கு வருடம் இருந்தாள். அவர் விடியற்காலை மோட்டார் போடப் போனால் இருட்டத்தான் வருவார். பக்கத்து வீட்டுக்கு ஒரு கிலோமீட்டர். அவர் மேல் குறையில்லை, அடித்ததில்லை, திட்டியதில்லை. பேசியதும் இல்லை. இதை அவள் ஒரு வாக்குமூலம் போலச் சொல்லவில்லை. ரொம்ப நாள் யோசித்து முடித்துவிட்ட ஒன்றைச் சொல்வது போலச் சொன்னாள்.

“இன்னிக்கு அந்த ஊசியப் பத்தி இவ்வளவு பேசுனீங்களேங்க. நெம்ப நல்லா இருந்துச்சு. இத்தன வருசத்துல என்ற கூட நீங்க இவ்வளவு பேசுனதே இல்ல.”

“இனிப் பேசறேன்.”

அவள் படியில் கிடந்த ஒரு சருகை எடுத்து அப்பால் போட்டாள். பிறகு, மாசத்துக்கு ஒருக்கா வந்துட்டுப் போறனுங்க என்றாள். இனி வண்டியச் சாக்குச் சொல்ல முடியாதே என்று சிரிக்கப் பார்த்தாள். ஆனந்தகுமார் தலையை ஆட்டினார். வந்துவிட்டுப் போவது என்பது விருந்தாளிகள் சொல்கிற வார்த்தை. அதை அவர் திருத்தவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவளைக் கோயமுத்தூரில் இறக்கிவிட்டார். திங்கட்கிழமை எட்டு மணிக்கு அவள் மேசையில் இருக்க வேண்டும். திரும்பும்போது வண்டி அடங்கவில்லை. பக்கத்தில் எடை இல்லை, பின்னால் எடை இல்லை. நான்கு ஷாக்குகளும், வண்டியில் இல்லாத ஓர் ஆளைத் தாங்கத் தயாராக இறுகி நின்றன. சின்னக் கல்லில் ஏறினாலும் அது ஸ்டியரிங்கில் வந்து கையைத் தட்டியது. வேலந்தாவளத்தில் அதே புளியமரத்தடியில் நிறுத்தினார். நாட்காட்டித் தாளை விரித்துப் பார்த்தார். ஒன்பது நாள் குறிப்பில் எல்லா வரியிலும் மூட்டையோடு ஓட்டியதுதான் இருந்தது. தனியாக ஓட்டினால் என்ன வைப்பது என்று ஒருமுறை கூட அவர் பார்க்கவே இல்லை. போனை எடுத்து ஜோமோளைக் கூப்பிட்டார்.

“ஒரு ஆளு மட்டும் இருந்தா எத்தன வெக்கோணுங்க?”

“இன்னிக்கு சேச்சி இல்லே?”

“இல்லீங்க. இனி பெரும்பாலும் ஒரு ஆளுதான்.”

அந்தப் பக்கம் ஏதோ இரும்பைத் தட்டும் சத்தம் நின்றது.  முன்னால் எட்டு, பின்னால் ஒன்பது, மூடின இடத்திலிருந்து எண்ணுங்க என்றாள். அவர் சரி என்றார். அவள் போனை வைக்கவில்லை. வேலையில் ஒன்றை அரைகுறையாக விட அவளால் முடியாது.

“சேட்டா, அந்த புஷ் போல்ட்டு. அத ரண்டு பேரு எடைக்கு முறுக்கினது. ஒரு ஆளுன்னா லூஸாக்கித் திரும்ப முறுக்கணும். ஒரு நாள் வண்டியக் கொண்டு வாங்க.”

“முறுக்காம உட்டா என்னாகுங்க?”

“ஒண்ணும் தெரியாது. ரப்பரு எப்பவும் கொஞ்சம் முறுகியே நிக்கும். கொஞ்ச வருஷத்துல கிழியும்.”

“அது அப்படியே இருக்கட்டுங்க,” என்றார். “கிழியறப்பப் பாத்துக்கலாம்.”

போனைப் பையில் போட்டுவிட்டுப் பானெட்டைத் திறந்தார். முன்பக்கம் இரண்டையும் முழுக்க மூடி, எட்டு எண்ணித் திறந்தார். பிறகு பின் சக்கரத்தருகே மண்டியிட்டு, கையை உள்ளே விட்டு, குமிழை நின்ற இடம் வரைக்கும் திருகி மூடினார். லாரி ஒன்று தூசியைக் கிளப்பிக்கொண்டு போனது. எண்ணிக்கை தவறாமல் இருக்க வாய்விட்டு எண்ணினார். ஒன்பதாவது ‘டிக்’ விரலுக்குத் தெரிந்ததும் எழுந்து, மறுபக்கம் போய், மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பித்தார்.